தோற்றவன் எந்த ஊர்க்காரன்?

ரொம்ப நாளாக எழுத நினைத்துக் கூச்சப்பட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் வில்லன் பாத்திரத்தில் வருவது நானும் என் பையனும். தங்கமணிக்கு மட்டும் நல்ல பாத்திரம். (வழக்கம்போலத்தான் என்கிறீர்களா? சரி, சரி.)

2021 அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை. துர்கா பூஜை முடிந்து ஒன்பது நாள். துபாயில் டி20 உலகக் கோப்பை, இந்தியா – பாகிஸ்தான். இங்கே கொல்கத்தாவில் எங்கள் அபார்ட்மெண்டில் வீட்டுக்கு வீடு டிவி சத்தம். பையன் அப்போது எட்டாம் வகுப்பு. கொரோனாவால் பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. பாடம் ஆன்லைனில், நட்பு முழுக்க வாட்ஸப் குரூப்பில்.

மேட்ச் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். நாம் 151. அவர்கள் 17.5 ஓவரில் 152, விக்கெட் இழப்பு இல்லாமல். பும்ரா, புவனேஷ்வர், ஜடேஜா, முகமது ஷமி, வருண் சக்கரவர்த்தி என்று ஐந்து பேர் பந்து போட்டார்கள். ஐந்து பேருக்கும் விக்கெட் கிடைக்கவில்லை. உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் நாம் தோற்றது அதுதான் முதல் தடவை.

ஒன்பது கிரகமும் உச்சத்தில் நின்ற மாதிரி அவர்கள் ஆடினார்கள், நாம் சுமாராக ஆடினோம், அவ்வளவுதான். ஆனால் யார் மேல் பழி போடுவது? ராத்திரி பதினொன்றரைக்கெல்லாம் நாட்டில் பாதிப் பேர் அதை முடிவு செய்துவிட்டார்கள்.

ஷமியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய் 'துரோகி', 'பாகிஸ்தானுக்குப் போ', 'எவ்வளவு வாங்கினாய்' என்று எழுதித் தள்ளினார்கள். அவர் 3.5 ஓவரில் 43 ரன் கொடுத்தார், உண்மைதான். மோசமான நாள். ஆனால் திட்டியவர்களுக்கு அந்த 43 முக்கியம் இல்லை, பெயர்தான் முக்கியம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஷமி பிறந்தது உத்தரப் பிரதேசத்தில் அம்ரோஹா பக்கம். சொந்த மாநிலத்தில் வாய்ப்புக் கிடைக்காமல் சின்ன வயதில் கொல்கத்தாவுக்கு வந்து, இங்கே கிளப் கிளப்பாக ஆடி, பெங்கால் அணிக்குள் நுழைந்தவர். 2013 நவம்பரில் ஈடன் கார்டனில்தான் அவருடைய முதல் டெஸ்ட். சச்சினின் கடைசிக்கு முந்தைய டெஸ்ட் அது. வெஸ்ட் இண்டீஸை இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட் எடுத்துக் கவிழ்த்தார். அதாவது, நம்மைப் போலவே பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர்.

நம்ம வருணும் ஒரு வகையில் இந்த ஊர்க்காரர்தான். ஆர்க்கிடெக்ட் படிப்பு, டென்னிஸ் பால் கிரிக்கெட், டிஎன்பிஎல் என்று சுற்றி, 2020-ல் கொல்கத்தா நைட் ரைடர்ஸுக்கு வந்தார். அந்த வருஷம் அபுதாபியில் டெல்லிக்கு எதிராக 20 ரன்னுக்கு 5 விக்கெட். அன்றிலிருந்து லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கப் போனால்கூடக் கடைக்காரர், "உங்க சக்ரவர்த்தி பிரமாதம் தாதா" என்பார். நானும் என்னவோ நான்தான் அவருக்குப் பந்து போடச் சொல்லிக் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

அந்த ஞாயிறு ராத்திரி, அதே 'உங்க' என் பையனுக்குத் திரும்பி வந்தது.

வகுப்புக் குரூப்பில் பையன்கள், "உங்க ஊர்க்காரன் தோக்கடிச்சுட்டான்", "உங்க மதராஸி என்னடா மர்மச் சுழல் போட்டான்?" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பெரிய வன்மம் ஒன்றும் இல்லை, பதிமூன்று வயசுக் கிண்டல். வருண் 4 ஓவரில் 33 கொடுத்திருந்தார், ஷமியை விடப் பரவாயில்லை. அதைச் சொல்லி வாதாடியிருக்கலாம். நம்ம பையன் வேறு வழியைப் பிடித்தான். தான் அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்தான் என்று காட்ட வேண்டுமே! வருணின் பக்கத்துக்குப் போய், எல்லோரையும் விடக் காட்டமாக, ஆங்கில எழுத்தில் பெங்காலியில் எழுதினான். 'கல்கத்தா பக்கமே வந்துவிடாதே' என்று அர்த்தம். அதைப் படம் பிடித்து வகுப்புக் குரூப்பில் போட, ஏகப்பட்ட சிரிப்பு முகங்கள். ஹீரோ ஆகிவிட்டான்.

என்னிடமும் காட்டினான். நான் சிரித்தேன். இதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. சிரித்ததோடு நிற்காமல், வேறொரு மீமை எங்கள் விருதுநகர் சொந்தக்காரர்கள் குரூப்பில் தட்டியும் விட்டேன்.

தங்கமணிதான், "என்னங்க இது, யாரோ பெத்த பிள்ளையை வராதேன்னு சொல்றான், நீங்களும் பல்லைக் காட்டுறீங்க?" என்றாள்.

"கிரிக்கெட்தானே விடு. அவனெல்லாம் இதைப் படிக்கவா போறான்?" என்றேன்.

படித்திருந்தார் போல. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 'அந்தக் காலத்தில் ரசிகர்கள் எல்லாம் தங்கம், இந்த ஃபேஸ்புக் வந்துதான் கெட்டுப் போனார்கள்' என்று சொல்ல வரவில்லை. கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் ஈடன் கார்டனே எழுந்து வந்து அறையும்.

1980 ஆகஸ்ட் 16. ஈடனில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்து. கேலரியில் மூண்ட அடிதடியிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்துப் போனார்கள். மேட்ச் பார்க்கப் போன பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்போது எந்த வாட்ஸப் இருந்தது?

1996 மார்ச் 13. உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கைக்கு எதிராக 120-க்கு 8 விக்கெட் விழுந்ததும் பாட்டில் பறந்து, கேலரியில் தீ எரிந்து, ஆட்டம் நின்று, இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே போனதை நம்மில் யார் மறக்க முடியும்?

2005 நவம்பர் 25. கங்குலியை அணியை விட்டு எடுத்த கோபத்தில், ஈடனில் உட்கார்ந்து இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கைதட்டினார்கள். அன்றைக்கும் 10 விக்கெட் தோல்விதான்.

ஆக, வெறி பழைய சரக்கு. சொல்லப் போனால் அன்றைக்கு உயிரே போயிருக்கிறது. இன்றைக்கு யாரும் கல்லெறிவதுகூட இல்லை. அப்படியானால் என்னதான் மாறிவிட்டது? எனக்குத் தோன்றுவது மூன்று.

ஒன்று, அன்றைய கோபத்துக்கு ஒரு நேரம் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு போலீஸ் மைதானத்தைக் காலி பண்ணும். மறுநாள் தெருமுனை அட்டாவில் (வெட்டி அரட்டைக்கு இங்கே இதுதான் பெயர்) மண் குவளைச் சாயாவோடு திட்டித் தீர்ப்பார்கள். ஒரு வாரத்தில் அடுத்த விஷயம் வந்துவிடும். ஆட்டக்காரன் காதுக்கு அதில் பெரும்பாலும் எதுவுமே போகாது. இன்றைக்கு அவன் ஓட்டல் அறைக்கு வந்து, போனை எடுத்தால், அத்தனை பேரும் அந்தச் சின்னத் திரைக்குள் காத்திருக்கிறார்கள். 'பார்க்காமல் இருக்க வேண்டியதுதானே' என்பது சுலபம். அம்மா, மனைவி, தம்பி எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே?

இரண்டு, அன்றைக்குத் திட்டினவனுக்கு முகம் இருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். எல்லை மீறினால் "ஏய், போதும்டா" என்பார். இன்றைக்கு அந்தப் பெரியவர் இல்லை. எல்லை மீறினால்தான் லைக் விழுகிறது. என் பையன் காட்டமாக எழுதினதற்குக் காரணம் வருண் இல்லை, அந்தச் சிரிப்பு முகங்கள்.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளுடைய மூலத்தைத் தோண்டுவது. எந்த ஊர், எந்த மதம், என்ன நிறம், பெண்டாட்டி யார், பிள்ளை யார். தோல்விக்கு ஒரு 'வெளியாள்' வேண்டும். அந்த அக்டோபருக்கு மூன்று மாதம் முன்னால், 2021 ஜூலை 11-ல், லண்டன் வெம்பிளியில் யூரோ இறுதிப் போட்டி. இங்கிலாந்துக்காக பெனால்டி தவறவிட்ட ரேஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூன்று பேரும் கறுப்பர்கள். ஜெயித்திருந்தால் இங்கிலாந்தின் செல்லப் பிள்ளைகள். தோற்றதும் குரங்குப் படம் அனுப்பினார்கள். 2022 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு கேட்ச் விட்ட அர்ஷ்தீப் சிங்குக்கு 'காலிஸ்தானி' பட்டம். கேட்ச் விடாத ஆள் யார் ஐயா?

ஷமிக்காக விராட் கோலி வாய் திறந்தார். அக்டோபர் 30-ம் தேதி பத்திரிகையாளர்கள் முன்னால், மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைப் போலக் கேவலம் இல்லை என்ற பொருளில் பட்டென்று சொன்னார். அதற்குக் கூலியாக, பத்து மாதம்கூட ஆகாத அவருடைய பெண் குழந்தையைப் பற்றி எழுதவே கூசுகிற ஒரு மிரட்டல் வந்தது. மும்பை போலீஸ் நவம்பரில் ஹைதராபாத்தில் ஒருவரைப் பிடித்தது. சாஃப்ட்வேர் எஞ்சினியர், வயது இருபதுகளில். பிறகு 2023-ல், புகார் கொடுத்த தரப்பே சம்மதித்து வழக்கு ரத்தானது. குற்றம் நிரூபணமாகவில்லை, அதனால் அவரைப் பற்றி மேலே எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரவுடியைப் பிடிப்பார்கள் என்று பார்த்தால், செக்டர் ஃபைவில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரக்கூடிய ஒரு பையனைப் பிடித்திருக்கிறார்கள்.

பணமும் இதில் இருக்கிறது. டென்னிஸில் 2024-ல் ஆட்டக்காரர்களுக்கு வந்த வசவுகளை ஆராய்ந்ததில், சுமார் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்கள் அனுப்பியவை என்று மகளிர் டென்னிஸ் சங்கமும் சர்வதேச டென்னிஸ் சம்மேளனமும் வெளியிட்டன. நம் ஊரில் பந்தயத்தை விடுங்கள், 'ஃபேன்டஸி டீம்' என்று ஆபீஸ் கேன்டீனில் ஆளாளுக்கு 49 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். நம்ம டீமில் போட்ட பவுலருக்கு விக்கெட் விழாவிட்டால் வருகிற ஆத்திரம் நாட்டுப்பற்று இல்லை, 49 ரூபாய். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைச் சட்டம் போட்டு நிறுத்தியது. ஆனால் ஆட்டக்காரனை 'என் காசைத் தொலைத்தவன்' என்று பார்க்கப் பழகிய கண் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

திட்டுவதில்தான் இப்படி என்றில்லை, கொண்டாடுவதிலும் இதே கதை. 2025 டிசம்பர் 13-ல் மெஸ்ஸி சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக் காலையிலிருந்து காத்திருந்தவர்கள், அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பெரிய மனிதர்களும் அவர்கள் கூட்டிவந்தவர்களும் போனைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பிப் போக, நாற்காலியும் பாட்டிலும் பறந்தன. முதலமைச்சரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மெஸ்ஸி ஆடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் இல்லை, மெஸ்ஸியோடு நான் இருக்கிற படம் என் பக்கத்தில் வர வேண்டும்.

சரி, எல்லாமே மோசமா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2020-ல் மோகன் பகானை ஏடிகே அணியோடு சேர்த்து, பெயருக்கு முன்னால் ஏடிகே என்று ஒட்டினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கிளப். ரசிகர்கள் விடவில்லை. 'ஏடிகேவை எடு' என்று நெட்டிலும் கேலரியிலும் மூன்று வருஷம் ஒரே பல்லவி. 2023 மார்ச் 18-ல் கோவாவில் ஐஎஸ்எல் கோப்பையை ஜெயித்த கையோடு, முதலாளியே பெயரை மாற்றுகிறோம் என்று அறிவித்தார். ஒரு கிளப்பின் மேல் பாசம் வைத்தவர்கள், அடி இல்லாமல் உதை இல்லாமல் சாதித்தார்கள்.

அதை விடப் பெரிசு 2024 ஆகஸ்ட் 18. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் அந்தப் பெண் டாக்டருக்கு நடந்த கொடுமையால் ஊரே கொதித்துக் கிடந்த நேரம். அன்று நடக்க வேண்டிய டுராண்ட் கோப்பை மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். போன் போனாகச் செய்தி பரவி, இரண்டு கிளப் ரசிகர்களும், கூடவே முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும், ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியும் கலையவில்லை. மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் வந்து நின்றார். ஒரு பக்கம் ஜெயித்தால் இறாலும் மறு பக்கம் ஜெயித்தால் ஹில்சாவும் வாங்கி ஒருத்தரை ஒருத்தர் வெறுப்பேற்றுகிற ஜனம், ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கொடி பிடித்தார்கள். அன்று மாலை எங்கள் பக்கத்து ஃபிளாட் தாதா தொண்டை கட்டிப் போய் வந்தார். அந்தக் கூட்டத்தைச் சேர்த்ததும் இதே போன்தான்.

இப்போது வருணுக்கு வருகிறேன்.

அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு மூன்று வருஷம் இந்திய அணியில் அவருக்கு இடம் இல்லை. 2024-ல் கொல்கத்தா ஐபிஎல் ஜெயித்தபோது 21 விக்கெட் எடுத்துத் திரும்பி வந்தார். 2025 மார்ச் 2-ல் சாம்பியன்ஸ் டிராபியில், அதே துபாய் மைதானத்தில், நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். ஷமியும் அந்தத் தொடரில், அதே மைதானத்தில், வங்கதேசத்துக்கு எதிராக 5 விக்கெட். தொடர் முடிவில் இருவருக்கும் ஆளுக்கு 9 விக்கெட், கோப்பை நமக்கு. சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடலாம்.

ஆனால் அரையிறுதியில் ஷமி எல்லைக்கோட்டருகே ஏதோ குடித்த படம் ஒன்று வெளியாகி, ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைக்காமல் குடிக்கலாமா என்று இன்னொரு கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. முதலில் 'நீ சரியான இந்தியனா?' இப்போது 'நீ சரியான முஸ்லிமா?' பாவம், வெயிலில் பத்து ஓவர் போடுகிற மனுஷனுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

கோப்பை ஜெயித்த அந்த வாரம், கோபிநாத்துக்கு வருண் தமிழில் கொடுத்த பேட்டி யூட்யூபில் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் டிவியில் போட்டோம். 2021-க்குப் பிறகு மனச்சோர்வில் விழுந்ததைச் சொன்னார். இந்தியா வந்து சேருவதற்கு முன்பே போனில் மிரட்டல் வந்ததாம். இந்தியாவுக்கு வராதே, வந்தால் நடப்பது வேறு என்று. வீட்டைத் தேடி ஆட்கள் வந்தார்களாம், சில சமயம் ஒளிந்துகொள்ள வேண்டி வந்ததாம். விமான நிலையத்திலிருந்து வரும்போது பைக்கில் பின்தொடர்ந்தார்களாம். இதையெல்லாம் அவர் நம்ம வீட்டு அண்ணன் மாதிரி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

'வராதே' என்ற வார்த்தை வந்ததும் தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். பையன் பாதித் தோசையில் எழுந்து போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அறைக்குள் போனால், போனை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தான். மூன்றரை வருஷம் முன்னால் எழுதியதை அழிக்க வேண்டுமாம். ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, எங்கே கண்டுபிடிப்பது? ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

"அப்பா, நான் சும்மா எழுதினேன்பா. போன் பண்ணி மிரட்டினது நான் இல்லையே" என்றான்.

நிஜம்தான். அவன் இல்லை. ஆனால் மிரட்டினவன் தைரியம் பெற்றது, அவனுக்கு முன்னால் 'சும்மா' எழுதின ஆயிரம் பேரைப் பார்த்துத்தானே? அந்த ஆயிரத்தில் என் வீட்டு ஓட்டு இரண்டு.

பிழைக்க வந்த நமக்கு இது மற்றவர்களை விட முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். 'உங்க ஊர்க்காரன்' என்று ஒரு நாள் தூக்கி வைப்பார்கள், மறுநாள் அதே வார்த்தையால் இறக்குவார்கள். நாம் நல்லவன் என்று நிரூபிக்க, நம்மில் ஒருவனை நாமே முதலில் அடித்துக் காட்டுகிறோம். கொல்கத்தாவில் பையன் செய்தது அதுதான். நாளைக்கு டொராண்டோவில், துபாயில், சிங்கப்பூரில் உங்கள் பிள்ளையும் செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நெருக்கடி புரியாது. சிரிக்காமல் உட்கார்ந்து பேச வேண்டியது நாம். நான் அன்றைக்குச் சிரித்தேன், அதுதான் தப்பு.

வீட்டில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு. மேட்ச் தோற்ற ராத்திரி யாரும் எதுவும் எழுதக் கூடாது, எதையும் தட்டிவிடக் கூடாது. காலையில் காபி குடித்த பிறகும் கோபம் இருந்தால், பந்தைப் பற்றி, பேட்டைப் பற்றி, கேப்டன் வைத்த ஃபீல்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆள் எந்த ஊர் என்பது மட்டும் வரக் கூடாது. காலையில் பெரும்பாலும் எழுத ஒன்றும் இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

விருதுநகர் குரூப்பில் மட்டும் இன்னும் யாரும் கேட்பதாயில்லை. மச்சான் ஒருத்தர் போன வாரம்கூட ஒரு மீம் அனுப்பினார். "யாரோ பெத்த பிள்ளை மச்சான்" என்று பதில் போட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

பி.கு.: இதை எழுதலாமா என்று பையனிடம் கேட்டேன். "என் பேரைப் போடாதப்பா" என்றான். போடவில்லை. உன் பெயரை ஊரே திட்டினால் எப்படி இருக்கும் என்று இப்போதாவது தெரிந்ததே, சந்தோஷம்.